பெரிய விஷயத்தில் ஒத்துப்போனவர்கள்

அன்புள்ள ஸ்டீபன்,

அப்பாதான் எழுதுகிறேன். சௌக்கியமா என்று கேட்கவில்லை, அதை ஞாயிற்றுக்கிழமை போனிலேயே கேட்டாயிற்று. எனக்கும் ஒன்றும் குறைவில்லை. இங்கே ஆலன் ஊரில் வெயில் நூறு டிகிரியைத் தாண்டி ஒரு வாரமாகிறது. பின்பக்கத்துப் புல் காய்ந்துபோய், குடியிருப்புச் சங்கத்திலிருந்து இரண்டாவது நோட்டீஸும் வந்துவிட்டது. தண்ணீர் விடவேண்டும் என்று காலையில் நினைக்கிறேன், சாயங்காலமும் நினைக்கிறேன். இதை மெயிலில் அனுப்பியிருக்கலாம். ஆனால் ஆங்கிலத்தில் எழுத உட்கார்ந்தால் எனக்கு ஆஃபீஸ் நடை வந்துவிடுகிறது, மூன்று வரிக்குள் ‘பின்வரும் காரணங்களால்’ என்று ஆரம்பித்துவிடுகிறேன். அம்மா உன்னைச் சனிக்கிழமைதோறும் தமிழ்ப் பள்ளிக்கு அழைத்துக்கொண்டு போனது வீண்போக வேண்டாம். மெதுவாக எழுத்துக்கூட்டிப் படி, அவசரமில்லை. ஹன்னாவுக்கு இதில் எதைச் சொல்வது, எதை விடுவது என்பது உன் இஷ்டம்.

போனில் நீ சொன்னதைத் திரும்பத் திரும்ப யோசித்துக்கொண்டிருக்கிறேன். நீ ஆங்கிலத்தில் சொன்னாய், தமிழில் எழுதினால் இப்படித்தான் வரும். அக்டோபரில் கல்யாணத்தைக் கத்தோலிக்கக் கோயிலில்தான் வைக்கிறோம், ஆனால் பூசை இல்லாமல் கல்யாணச் சடங்கு மட்டும் வைத்துக்கொள்கிறோம், அப்பம் கொடுப்பது கிடையாது. ஹன்னா புராட்டஸ்டன்ட்டில் பிரெஸ்பிட்டீரியன் சபை என்பதால் அப்படித்தான் வழக்கம் என்று ஃபாதரும் சொல்லிவிட்டார் என்றாய். அதோடு விட்டிருந்தால் நானும் சரி என்று சொல்லியிருப்பேன். ஆனால் நீ இன்னொன்றும் சொன்னாய். அம்மாவின் நினைவாகப் பூசையோடு வைக்கலாம், தான் அந்த நேரத்தில் பேசாமல் நின்றுகொள்வதில் ஒரு வருத்தமும் இல்லை என்று ஹன்னாதான் முதலில் சொன்னாளாம். நீதான் மறுத்தாயாம். “இன்னொரு தடவை நீங்க அந்த பெஞ்ச்ல தனியா உட்கார்ந்திருக்கிறதை என்னால பார்க்க முடியாதுப்பா” என்று, அது ஒன்றை மட்டும் தமிழில் சொன்னாய். அம்மா போன பிறகு நீ கோயிலுக்கே போவதில்லை என்பதும் அதற்குக் காரணம் நான்தான் என்பதும் ஹன்னா சொல்லித்தான் எனக்குத் தெரியும். ‘முப்பது வருஷம் என் அப்பாவை வெளியே நிறுத்திய இடத்தில் எனக்கென்ன வேலை’ என்று அவளிடம் கேட்டாயாம்.

எனக்காகப் பூசையை விடலாமா என்பதுதான் கேள்வி. ஒரு வார்த்தையில் பதில் சொல்லியிருக்கலாம். ஆனால் பிப்ரவரியில் ஆஸ்பத்திரி அறையில் ஒரு விஷயம் நடந்தது. அது உனக்குத் தெரியாது. தெரிந்தால் என்னைக் கல்யாணத்தில் முன்வரிசையில் உட்காரவைக்க உனக்கு மனசு வருமா என்று எனக்குச் சந்தேகமாக இருக்கிறது. ஆனால் அதைச் சொல்லாமல் உனக்குப் பதில் சொன்னால் அது பொய்யாகிவிடும். நான்கு நாளாக எழுதி எழுதி நிறுத்துகிறேன்.

முதலிலிருந்து சொல்கிறேன். நானும் அம்மாவும் சென்னையில் ஒரே ஆஃபீஸ் என்பது உனக்குத் தெரியும். அவள் தூத்துக்குடிக் கத்தோலிக்கக் குடும்பம், நான் நாசரேத் பக்கத்துப் புராட்டஸ்டன்ட். இரண்டு ஊருக்கும் நடுவே பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம்தான். இரண்டு வீட்டிலும் அதே மீன்குழம்பு, அதே பைபிள். அவர்களுடைய பைபிளில் ஏழு புத்தகம் கூடுதல், அதை நான் அவர்கள் வீட்டுக்குப் போன முதல் நாளே சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டேன். அம்மாவின் சித்தப்பா என்னைப் ‘பதிதன்’ என்றார். சபையைவிட்டு விழுந்தவன் என்று அர்த்தம், பழைய கத்தோலிக்கர்கள் எங்களுக்கு வைத்த பெயர். எங்கள் அப்பா தன் பங்குக்கு, சிலைக்கு முன்னால் முழங்கால் போடுகிற வீட்டில் தன் பேரப்பிள்ளை வளராது என்று சொல்லிவிட்டுக் கல்யாணத்துக்கே வரவில்லை. அம்மாவின் கோயிலில்தான் கல்யாணம் நடந்தது. பிறக்கிற பிள்ளைகளைக் கத்தோலிக்கராக வளர்க்கத் தன்னால் ஆனதைச் செய்வேன் என்று அவள் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டாள். அவள் என்ன வாக்குக் கொடுத்திருக்கிறாள் என்று என்னிடமும் அதைப் படிக்கக் கொடுத்தார்கள். நான் இரண்டு தடவை படித்துவிட்டு, அதில் ஒரு தேதி தப்பாக இருப்பதைச் சொன்னேன். பங்குச்சாமியார் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். அம்மா சிரித்தாள். அப்போது அவளுக்கு அது சிரிப்பாக இருந்தது.

நான் பார்த்த வேலையும் அதுதான். மற்றவர்கள் எழுதிய சாஃப்ட்வேரில் ஓட்டை எங்கே என்று தேடுவது. முப்பது வருஷம் அதற்குத்தான் நல்ல பெயர் வாங்கினேன். வீட்டுக்கு வந்தும் அந்தச் சட்டையைக் கழற்றாமல் இருந்துவிட்டேன்.

அமெரிக்கா வந்து இர்விங்கில் அப்பார்ட்மென்ட்டில் குடியேறின முதல் மாதமே அம்மாவும் நானும் உட்கார்ந்து பேசி ஓர் ஏற்பாடு செய்துகொண்டோம். ஒரு வாரம் இருவரும் அவளுடைய கோயிலுக்கு, மறு வாரம் இருவரும் என்னுடைய தமிழ்ச் சபைக்கு. அவள் செபமாலை சொல்லும்போது நான் டிவியின் சத்தத்தைக் குறைப்பது. மாதாவைப் பற்றி நான் வாய் திறப்பதில்லை, போப்பைப் பற்றி அவள் கேட்பதில்லை. நீ பிறந்தபோது அவளுக்குப் புனிதர் பெயர் வேண்டும், எனக்கு வேதாகமப் பெயர் வேண்டும். ஸ்டீபன் இரண்டிலும் இருந்தார், அரை மணி நேரத்தில் முடிந்தது. உன் ஞானஸ்நானமும் அவள் கொடுத்த வாக்குப்படியே நடந்தது, நான் மறுக்கவில்லை. அக்கம்பக்கத்தில் எல்லாரும் எங்களைப் பார்த்து ஆச்சரியப்பட்டார்கள். இர்விங்கில் எதிர்வீட்டு ஆன்ட்டி, உங்களைப் பார்த்துத்தான் நாங்கள் சண்டையை நிறுத்துகிறோம் என்பார்கள். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. பெரிய விஷயங்களில் எல்லாம் நாங்கள் ஒத்துப்போய்விட்டோம் என்று நினைத்தேன்.

அப்பம் மட்டும் பாக்கி நின்றது. பூசையில் அப்பம் வாங்குவதை அம்மா ‘நன்மை வாங்குவது’ என்பாள், எங்கள் பக்கத்தில் அது ‘இராப்போஜனம்’. அவளுடைய கோயிலில் கத்தோலிக்கர் அல்லாதவனுக்கு அது கிடையாது. எங்கள் சபையில் மாதத்தின் முதல் ஞாயிறு கொடுப்போம், எந்தச் சபைக்காரரும் வரலாம் என்று பாஸ்டர் அழைப்பார். ஆனால் அவளுடைய சபை அவளை எங்களிடம் வாங்க அனுமதிப்பதில்லை. எனவே அவளுடைய கோயிலில் நான் உட்கார்ந்திருப்பேன், என்னுடைய சபையில் அவள் உட்கார்ந்திருப்பாள். நீ சின்ன வயதில் பார்த்தது ஒன்றைத்தான், நான் உட்கார்ந்திருந்ததை. எட்டு வயதில் உனக்குப் புது நன்மை, அதாவது முதல் நன்மை, கொடுத்த அன்று நீ வரிசையில் போய்விட்டுத் திரும்பும்போது, நான் முழங்காலை ஒரு பக்கமாகத் திருப்பிக்கொண்டு உங்கள் வரிசைக்கு வழிவிட்டேன். நீ என்னையே பார்த்துக்கொண்டு போனாய். அன்றைக்கு வீட்டில் கேட்டாய், அப்பா மட்டும் ஏன் சாப்பிடவில்லை என்று. அம்மா பதில் சொல்வதற்குள் நான், “அப்பாவுக்கு அங்க இடமில்லப்பா” என்றேன். அம்மா என்னைப் பார்த்தாள்.

அது முழு உண்மை இல்லை, ஸ்டீபன். கைகளை நெஞ்சின் குறுக்கே மடித்து வைத்துக்கொண்டு வரிசையில் வந்தால் ஃபாதர் தலையில் கைவைத்து ஆசீர்வதிப்பார், அந்த வழக்கம் இங்கே உண்டு. அம்மா முதல் இரண்டு வருஷம் என்னிடம் கெஞ்சினாள். “எனக்குப் பின்னாடி வந்து நில்லுங்க, அது போதும்” என்றாள். நான் சின்னப் பிள்ளையா என்று கேட்டேன். பிறகு அவள் கேட்பதை விட்டுவிட்டாள். எனக்கு அந்த பெஞ்ச் பழகிவிட்டது. பழகிவிட்டது என்றுகூடச் சொல்லக்கூடாது. பிடித்துப்போனது.

நீ வரலாறு படிக்கப் போகிறேன் என்றபோது நான் இரண்டு மாதம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அதற்கும் சேர்த்து மன்னித்துக்கொள். அதில் எத்தனையோ விஷயம் இருக்க, ஐந்நூறு வருஷத்துக்கு முந்தைய ஐரோப்பாவில் கத்தோலிக்கரும் புராட்டஸ்டன்ட்டும் சமாதானம் பேசின கதையைப் போய் எடுத்தாயே, ஏன் என்று நான் கேட்டதில்லை. கேட்கத் தேவையும் இருக்கவில்லை. முந்தின வருஷ தேங்க்ஸ்கிவிங்குக்கு நீ நியூ ஜெர்சியிலிருந்து வந்தபோது, அம்மா பிரியாணிக்கு வெங்காயம் நறுக்கிக்கொண்டே, “அப்படி என்னத்தடா வருஷக்கணக்கா எழுதுற, எனக்குப் புரியிற மாதிரி சொல்லு” என்றாள். நீ சொன்னாய். ஜெர்மனியில் ரேகன்ஸ்பர்க் என்ற ஊருக்கு இந்தப் பக்கம் மூன்று பேர், அந்தப் பக்கம் மூன்று பேர் என்று சக்கரவர்த்தி கூப்பிட்டு உட்காரவைத்தார். மனிதன் கடவுள் முன்னால் நீதிமானாவது விசுவாசத்தாலா, செய்கையாலா என்பதுதான் சண்டையின் வேர். அது தீரவே தீராது என்று எல்லாரும் நினைத்திருந்தார்கள். அவர்கள் சில நாளில் ஒரு வாசகத்துக்கு ஒத்துக்கொண்டார்கள். ரோமிலிருந்து வந்திருந்த கர்தினால் சந்தோஷத்தில் கடவுளுக்கு நன்றி சொன்னார். அடுத்ததாக அப்பத்துக்கு வந்தார்கள். அப்பம் நிஜமாகவே உடலாக மாறுகிறதா, அதைப் பேழையில் வைத்து வணங்கலாமா என்று. அங்கே முட்டிக்கொண்டது நிமிரவே இல்லை. பேச்சு முறிந்து அவரவர் ஊருக்குப் போனார்கள். ஒத்துக்கொண்ட அந்த வாசகத்தையும் இரண்டு பக்கமும் தூக்கிப் போட்டது. ரோமில் ரொம்பவும் விட்டுக்கொடுத்துவிட்டாய் என்றார்கள், புராட்டஸ்டன்ட் பக்கத்தில் இது ஒட்டுப்போட்ட துணி என்றார்கள்.

அம்மா கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள். “அப்போ பெரிய விஷயத்துல ஒத்துப்போயிட்டாங்க. சாப்பாட்டுல உட்காரும்போதுதான் சண்டை வந்துருக்கு, அப்படித்தானே?” நீ ஆமாம் என்றாய். “அப்பாவும் நானும் மாதிரி” என்று அவள் சிரித்தாள். நீயும் சிரித்தாய். நான் ஃப்ரிட்ஜுக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, அது சாப்பாட்டுச் சண்டை இல்லை, உபதேசத்தைப் பற்றினது, இரண்டையும் குழப்பக்கூடாது என்றேன். சரியாகத்தான் சொன்னேன். அம்மா திரும்பவும் வெங்காயத்தை எடுத்துக்கொண்டாள்.

எங்களுக்குள் சமாதானம் பேச வந்தவள் எப்போதும் அவள்தான். இரண்டு தடவை வந்தாள். இரண்டையும் நான்தான் முறித்தேன். முதலாவது, பதினொரு வருஷத்துக்கு முன்னால். எங்கள் அப்பா ஊரில் இறந்து, நான் தனியாகப் போய் அடக்கம் முடித்துத் திரும்பிய வாரம். நீ காலேஜ் ஹாஸ்டலில் இருந்தாய். அந்த முதல் ஞாயிறு இர்விங்கில் எங்கள் சபையில் அப்பாவுக்காக ஜெபம் வைத்திருந்தார்கள். இராப்போஜனத்துக்குப் பாஸ்டர் அழைத்ததும் நான் எழுந்து போய் முழங்கால்போட்டேன். பக்கத்தில் யாரோ வந்து முழங்கால்போட்டார்கள். புடவை பட்டது. பார்த்தால் அம்மா. எங்கள் கல்யாணத்துக்கே வராத மனிதருக்காக வந்து, அவள் கையை நீட்டி அப்பத்தை வாங்கினாள், திராட்சை ரசம் இருந்த சின்னக் கிண்ணத்தையும் வாங்கினாள். பத்தொன்பது இருபது வருஷத்தில் நாங்கள் அப்படி ஒன்றாகச் சாப்பிட்டது அன்றுதான். அதற்குப் பிறகும் இல்லை.

நான் என்ன செய்தேன் தெரியுமா? ஃப்ரீவேயில் ஏறினதும் கேட்டேன். “உங்க சபைச் சட்டப்படி இது தப்புல்ல? இனி ஃபாதர்கிட்ட போய்ப் பாவசங்கீர்த்தனம் பண்ணணுமே?” கேலியாகத்தான் கேட்டேன். ஆனால் பாதி நிஜம். அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, “உங்க அப்பாவுக்காகத்தான் வந்தேன்” என்றாள். அடுத்த சனிக்கிழமை அவள் நிஜமாகவே செய்த பாவத்தை ஃபாதரிடம் சொல்லி மன்னிப்பு வாங்க, பாவசங்கீர்த்தனத்துக்குப் போனாள். நான்தான் கார் ஓட்டினேன். அவள் உள்ளே வரிசையில் நின்றிருந்த நேரம் முழுக்க பார்க்கிங்கில் உட்கார்ந்திருந்தேன். அப்போது எனக்கு வருத்தம் வரவில்லை. என் கணக்கு சரியாக வந்துவிட்டது என்ற திருப்திதான் வந்தது. இதை எழுதும்போது என்மேல் எனக்கு அருவருப்பாக இருக்கிறது.

இனி ஆஸ்பத்திரி. அது புதன்கிழமை மத்தியானம். ஹன்னாவை அழைத்துவர நீ ஏர்போர்ட்டுக்குப் போயிருந்தாய். அம்மாவின் பங்குக் கோயிலிலிருந்து அந்த இளம் வியட்நாமிய ஃபாதர் வந்தார். நெற்றியிலும் கையிலும் எண்ணெய் பூசி ஜெபம் சொன்னார். அம்மாவுக்கு முழு அப்பத்தை விழுங்க முடியாது என்று நர்ஸ் சொல்லியிருந்ததால் அதை இரண்டாக உடைத்தார். ஒரு துண்டை நாக்கில் வைத்து, ஸ்பூனில் தண்ணீர் கொடுத்து, அவள் விழுங்கும்வரை காத்திருந்தார். அடுத்த துண்டுக்கு அவள் கையை நீட்டினாள். உள்ளங்கையில் வைத்தார். அவள் அதை வாய்க்குக் கொண்டுபோகவில்லை. கையை அப்படியே என் பக்கம் திருப்பினாள். “இந்தாங்க” என்றாள். காலையில் காப்பியை நீட்டும்போது சொல்கிற அதே குரல்.

நான் அவளைப் பார்க்கவில்லை, ஃபாதரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். பிறகு மெதுவாகத் திரும்பி ஜன்னலுக்குப் போய், கீழே பார்க்கிங்கைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் எதற்காகத் திரும்பிக்கொண்டார் என்பது எனக்கு நன்றாகவே புரிந்தது. கொடுக்க அவருக்கு அதிகாரம் இல்லை, தடுக்க அவருக்கு மனசில்லை. ரொம்ப நேரம் நின்றார். அந்த நேரத்தில் எனக்கு ஒரு தடையும் இல்லை. சட்டம் பார்க்கவேண்டியவர் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். அம்மாவின் கை என் பக்கம் நீண்டபடியே இருந்தது.

நான், “வேண்டாம் பிலோமி, அது சரியில்ல” என்றேன்.

“சரி” என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கையை இறக்கினாள். ஃபாதர் திரும்பி வந்து அவள் உள்ளங்கையிலிருந்து அந்தத் துண்டை எடுத்து அவள் வாயில் வைத்து, தண்ணீர் கொடுத்தார். போகும்போது என் தோளைத் தொட்டுவிட்டுப் போனார். மறுநாள் அம்மா கொஞ்சம் பேசினாள். கார் ரெஜிஸ்ட்ரேஷன் இந்த மாதத்தோடு முடிகிறது, ஸ்டிக்கர் மேசை டிராயரில் இருக்கிறது, ஒட்டிவிடுங்கள் என்றாள். எனக்கென்று அவள் சொன்ன கடைசி முழு வாக்கியம் அது. சனிக்கிழமை போய்விட்டாள்.

ஏன் வேண்டாம் என்றேன் என்று ஆறு மாதமாக யோசிக்கிறேன். சாகிற நேரத்தில் அவளைத் தன் சபைச் சட்டத்தை மீறவிடக் கூடாது என்று நினைத்தேன் என்று முதலில் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கேட்க நன்றாக இருக்கிறது. பதினொரு வருஷத்துக்கு முன்னால் நான் காரில் கேட்ட கேள்விக்குப் பயந்து அவள் இனிமேல் நீட்டவே மாட்டாள் என்று நினைத்திருந்தேன், திடீரென்று நீட்டியதும் என்ன செய்வது என்று தெரியவில்லை என்றும் சொல்லிப் பார்த்தேன். அதுவும் கொஞ்சம் உண்மை. ஆனால் அடியில் இருப்பது வேறு. முப்பது வருஷமாக எனக்கு இடமில்லை என்று சொல்லிக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். பந்திக்கு வெளியே பட்டினி கிடப்பவன் என்ற பெயர் எனக்கு இருந்தது. நீயே எனக்கு அதைக் கொடுத்தாய், எட்டு வயதில். அந்தத் துண்டை வாங்கி வாயில் போட்டுவிட்டால் அந்தப் பெயர் போய்விடும். இத்தனை வருஷமும் நான் எதற்காக உட்கார்ந்திருந்தேன் என்று ஆகிவிடும். அதற்காகத்தான் வேண்டாம் என்றேன். என் மனைவி கேட்ட கடைசிக் காரியம் அது, அதைவிட என் பெஞ்ச் எனக்கு முக்கியமாக இருந்தது.

ரேகன்ஸ்பர்க்கில் உட்கார்ந்தவர்களைப் பற்றி நீ இன்னொன்றும் சொன்னாய். அவர்களில் சிலர் இன்னும் விட்டுக்கொடுத்திருப்பார்கள், ஆனால் ஊருக்குப் போனால் தங்கள் ஆட்களே துரோகி என்பார்களே என்று பயந்தார்கள் என்றாய். எனக்கு அப்படி ஒரு சாக்கும் கிடையாது. என்னைத் துரோகி என்று சொல்ல யார் இருந்தார்கள்? எங்கள் அப்பா போய்ச் சேர்ந்தாயிற்று, பாஸ்டருக்குத் தெரியப்போவதில்லை. அறையில் அவளும் நானும், முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு ஃபாதரும்தான்.

அடக்கத்தில் நான் அழவில்லை என்று நீ கவனித்திருப்பாய். அப்பா தைரியமாக இருக்கிறார் என்று பலரும் உன்னிடம் சொன்னார்கள். தைரியம் ஒன்றும் இல்லை, மரத்துப்போய்விட்டது. இன்னும் அப்படியேதான் இருக்கிறது. பல் பிடுங்கப் போட்ட ஊசி இறங்காத மாதிரி, கடித்தாலும் தெரிவதில்லை. இரண்டு கோயிலுக்கும் போகிறேன், முறை தவறாமல், ஒரு வாரம் அவளுடையது, ஒரு வாரம் என்னுடையது. எங்கே உட்கார்ந்தாலும் ஒன்றும் தோன்றுவதில்லை. எங்கள் சபையில் இராப்போஜனம் எடுக்கவும் எனக்குக் கை வரவில்லை, பிப்ரவரியிலிருந்து எடுக்கவில்லை. யாரும் ஏன் என்று கேட்கவில்லை, துக்கத்தில் இருக்கிறார் என்று விட்டுவிட்டார்கள்.

இப்போது உன் கேள்விக்கு வருகிறேன். என்னை யாரும் வெளியே நிறுத்தவில்லை. விதி இருந்தது, அது உண்மைதான், அதைப் பற்றி நீ எத்தனை பக்கம் வேண்டுமானாலும் எழுது. ஆனால் அந்த விதிக்குள்ளும் உன் அம்மா எனக்கு இடம் செய்துகொண்டே இருந்தாள், நான்தான் போகவில்லை. அதனால் எனக்காக நீ கோயிலை வெறுக்கவேண்டாம். வெறுக்க உனக்கு வேறு காரணம் இருந்தால் அது உன் பாடு. என்மேல் கோபம் வந்தால் கோபப்படு. அக்டோபரில் நான் வரவேண்டாம் என்று தோன்றினாலும் சொல்லிவிடு, புரிந்துகொள்வேன்.

பூசையோடே வை. அம்மா இருந்தால் அதைத்தான் கேட்டிருப்பாள், அதற்காகக்கூட அல்ல. கொஞ்சம் யோசித்துப் பார். ஹன்னா அவளுக்குப் பழக்கமில்லாத ஒன்றை, அவளுக்குக் கிடைக்காத ஒன்றை, உன் அம்மாவுக்காக வைத்துக்கொள்ளலாம் என்று தானாக வந்து சொல்லியிருக்கிறாள். கல்யாணத்துக்கு முன்னால் அவள் உன் பக்கம் நீட்டிய முதல் பெரிய காரியம் அது. நீ அவள் முகத்தைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்று சொல்லியிருக்கிறாய். அதில் உனக்கு நியாயம் இருந்தது. எனக்கும் இருந்தது.

இதைப் படித்து முடித்ததும் எனக்குப் போன் செய்யாதே. முதலில் அவளைக் கூப்பிடு.

அப்பா